அம்மாவின் தாலாட்டைப் பதிவு செய்ய வேண்டும், கையில் இருப்பது இரண்டு போனும் ஒரு இயர்போனும்தான்

பனங்காட்டான், கொழிஞ்சாம்பாறை:

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம் எங்கள் ஊர். கேரளாதான், ஆனாலும் வீட்டிலும் சந்தையிலும் தமிழ்தான் பேசுவோம். அம்மாவுக்கு 74 வயது. தாலாட்டு, நடவுப் பாட்டு, கும்மி என்று அவருக்கு எத்தனை பாட்டுத் தெரியும் என்று எனக்கே கணக்கில்லை. வரி தமிழாகப் போய்க்கொண்டிருக்கும், நடுவில் ஒரு மலையாளச் சொல் வந்து உட்காரும், சில சொற்களுக்குப் பொருள் சொல்ல ஊரிலேயே இப்போது ஆள் இல்லை. போன வருடம் காய்ச்சலில் பத்து நாள் அம்மாவுக்குக் குரலே எழும்பவில்லை. இதில் ஒரு வரிகூட எங்கும் பதிவாகாமல் கிடக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது.

என்னிடம் இருப்பது இரண்டு ஆண்ட்ராய்டு போன், ஒரு போனோடு வந்த ஒயர் இயர்போன், ஒரு பழைய லேப்டாப். நாலு முறை முயன்றுவிட்டேன். பத்துக்குப் பத்து சிமெண்ட் அறை, தரையில் டைல்ஸ். ஃபேனை நிறுத்தி, கதவைச் சாத்தி, அம்மாவைக் கட்டிலில் உட்கார வைத்து, நாலடி தள்ளி மேசையில் போனை வைத்தேன். கேட்டால் கிணற்றுக்குள் உட்கார்ந்து பாடுவது மாதிரி இருக்கிறது. அம்மா மூச்சு வாங்க நிறுத்தும் இடத்தில் எல்லாம் ஷ்ஷ் என்று ஓர் இரைச்சல் தானாக எழுகிறது, அடுத்த வரி தொடங்கியதும் அமுங்குகிறது. ஜன்னலைச் சாத்தினாலும் பனை ஓலைச் சத்தம் உள்ளே வருகிறது. ஆடி நெருங்குகிறது, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திண்ணையில் வைத்துப் பார்த்தபோது காற்று மைக்கிலேயே அடித்துப் புர்புர் என்று கேட்டது. லேப்டாப்பில் இயர்போனைச் செருகினால் அடியில் ம்ம்ம் என்று ஒரு முனகல்.

டவுனில் ஒரு கடையில் கேட்டேன். ஸ்டுடியோவில் வைக்கிற கண்டென்சர் மைக், அதை லேப்டாப்போடு இணைக்கும் இன்டர்ஃபேஸ், சுவருக்கு ஃபோம் எல்லாம் சேர்த்து 16,000 ரூபாய் ஆகும் என்றார்கள். கடன் வாங்கியாவது வாங்கிவிடுவேன், ஆனால் அதை வாங்கினால் இதெல்லாம் சரியாகிவிடுமா? ஒருவர் சொன்னாரென்று முட்டை அட்டை 60 சேர்த்து வைத்திருக்கிறேன். அதைச் சுவரில் ஒட்டலாமா என்றும் சொல்லுங்கள்.

செங்கோட்டை மைக்செட்:

தம்பி, கடன் வாங்க வேண்டாம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தைந்து வருடமாகக் கோயில் கொடைக்கு மைக் செட் கட்டுகிறவன் நான். கண்டென்சர் மைக் நல்ல பொருள்தான். ஆனால் நாலடி தள்ளி அதே அறையில் அதை வைத்தால் அந்த அறையையும் சேர்த்து இன்னும் துல்லியமாகக் கேட்கும், கிணறு போகாது. உங்களுக்குக் கோளாறு மைக்கில் இல்லை, தூரத்திலும் அறையிலும் இருக்கிறது, இரண்டையும் காசில்லாமல் மாற்றலாம்.

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் மைக்கில் விழும் குரல் 6 டெசிபல் கூடும். எதிரொலியும் பனை ஓலையும் இருந்த அளவிலேயே இருக்கும். நாலடியிலிருந்து இரண்டடி, அப்புறம் ஓரடி, அப்புறம் அரையடி, மூன்று முறை பாதியாக்கினால் 18 டெசிபல். எந்தக் கடையிலும் இந்த 18ஐ விலைக்குத் தர மாட்டார்கள். 1902 நவம்பரில் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜானைப் பதிவு செய்தபோது அங்கே மைக் என்ற பொருளே கிடையாது. ஒரு கூம்புக்கு முன்னால் முகத்தை நீட்டிப் பாட வேண்டும், அந்தக் காற்றதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கீறும். மின்சார மைக் வைத்துப் பதிவு செய்யும் முறை 1925இல்தான் வந்தது. அதுவரை சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும், பாடுகிறவர் கூம்புக்கு முன்னால் வருவதும் உச்சத்தில் முகத்தைப் பின்னுக்கு இழுப்பதும்தான். அந்தக் குரலை இன்றைக்கும் கேட்கிறோமே.

அடுத்து அறை. நடுவில் நின்று ஒரு தடவை பலமாகக் கைதட்டுங்கள். ட்ர்ர்ர் என்று ஓர் அதிர்வு ஓடி அடங்கினால் எதிரெதிர்ச் சுவர்கள் சத்தத்தைப் பந்து மாதிரி எறிந்து விளையாடுகின்றன என்று பொருள். சதுர அறை இன்னும் மோசம். பத்தடிச் சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு சுருதி தேங்கி நிற்கும், நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் இரண்டு பக்கத்திலும் அதே சுருதி சேர்ந்து வீங்கும். அதன் மடங்குகள் 112, 168, 224 என்று போகும். வயதான பெண்களின் பாடும் சுருதி அந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். அதனால்தான் சில எழுத்து மட்டும் பொங்கிக் கேட்கும்.

வீட்டில் நெல் மூட்டை அடுக்கும் அறை இருக்கிறதா? இருந்தால் அதுதான் உங்கள் ஸ்டுடியோ. கோணிச் சாக்கும் நெல்லும் சத்தத்தை உறிஞ்சும், அடுக்கின் மேடுபள்ளம் மிச்சத்தைச் சிதறடிக்கும். இல்லாவிட்டால் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றை அம்மாவின் முதுகுக்குப் பின்னால் சாய்த்து, தரையில் ஜமுக்காளம் விரித்து, பக்கத்தில் கொடி கட்டி இரண்டு கம்பளியைச் சுவரை விட்டு ஒரு சாண் தள்ளித் தொங்க விடுங்கள். சுவரோடு ஒட்டிய துணியைவிட இடைவெளி விட்டுத் தொங்கும் துணி கீழ்ச் சுருதியைக் கூடுதலாகப் பிடிக்கும்.

முட்டை அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உறிஞ்சும் பொருளுக்குத் தடிமனும், உள்ளே காற்று புகுந்து திணறும் நாரும் வேண்டும். அட்டைக்கு அது இல்லை, தீப்பிடிக்கும் பயம் வேறு. கடைக்காரர் சொன்ன ஃபோமும் அறைக்குள் எழும் எதிரொலியைத்தான் குறைக்கும், வெளியே இருந்து வரும் பனை ஓலையை அது தடுக்காது. வெளிச்சத்தத்தைத் தடுக்கக் கனமான சுவரும் இடுக்கில்லாத கதவும் வேண்டும், அது கொத்தனார் வேலை. அதைவிடக் காற்று அடங்கும் நேரம் எது என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

நகரி தறிக்காரன்:

அண்ணன் சொன்ன தூரத்துக் கணக்கைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். நான் ஆந்திரா பக்கம் நகரியில் இருக்கிறேன், வீட்டுச் சுவரை ஒட்டியே விசைத்தறி. தமிழில் கதை வாசித்துப் பதிவு செய்கிறேன், எல்லாம் போனிலேயே. எனக்கு நல்ல நேரம் என்பது கரண்ட் போகும் நேரம். தறி நிற்கும், மோட்டார் நிற்கும், தெருவே அடங்கும், அந்த ஒரு மணி நேரத்துக்காக முதல் நாளே போனை முழுசாகச் சார்ஜ் ஏற்றி வைத்திருப்பேன்.

உங்கள் லேப்டாப் முனகல் கரண்டிலிருந்து வருவது. நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், முனகல் 50, 100, 150 என்று அடுக்கடுக்காக ஏறும். எர்த் சரியில்லாத வீட்டில் சார்ஜர் செருகியிருந்தாலே வந்துவிடும். சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், பெரும்பாலும் காணாமல் போகும். என்னைக் கேட்டால் பதிவு செய்ய லேப்டாப்பே வேண்டாம், போன் போதும். இன்வெர்ட்டரும் உறுமும், அதையும் அணையுங்கள். பிரிட்ஜை நிறுத்தினால் பைக் சாவியை அதற்குள் போட்டு வையுங்கள், அப்போதுதான் திரும்ப ஆன் செய்யாமல் வெளியே கிளம்ப மாட்டீர்கள்.

மூச்சு வாங்கும் இடத்தில் எழும் இரைச்சல் அறையின் குற்றமில்லை, போன் செய்யும் வேலை. போனோடு வரும் ரெக்கார்டர் பேச்சுக்காகச் செய்தது. சத்தம் குறைந்தால் தானாகத் தூக்கும், கூடினால் அமுக்கும், பாட்டுக்கு அது ஆகாது. வேவ் கோப்பாகப் பதிவு செய்யும் இலவச ரெக்கார்டர் ஒன்றை இறக்கி, அமைப்புக்குள் போய் ஆட்டோ கெயின் (இந்தத் தானாகத் தூக்கி அமுக்கும் வேலை), நாய்ஸ் சப்ரஷன் (தானாக இரைச்சலை அடக்குவது) இரண்டையும் அணையுங்கள். 48,000 ஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 350 எம்பி ஆகும், அதற்கு இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அளவுமானியில் அம்மா உரக்கப் பாடும் இடம் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவில் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டுக் குரல் கிழிந்தால் அப்புறம் யாராலும் தைக்க முடியாது. சன்னமாகப் பதிந்ததைப் பின்னால் கூட்டிக்கொள்ளலாம்.

அந்த ஒயர் இயர்போனைத் தூக்கிப் போடாதீர்கள். ஒயரில் உள்ள சின்ன மைக்கை அம்மாவின் மோவாய்க்கு ஒரு சாண் கீழே சேலையில் ஒரு ஊக்கால் நிறுத்தினால் எந்தப் பக்கம் திரும்பினாலும் தூரம் மாறாது. புளூடூத் இயர்போனில் மட்டும் பதிவு செய்ய வேண்டாம், அதன் மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் அது போன் பேச்சுத் தரத்துக்கு இறங்கிவிடும். போனின் சொந்த மைக்கில் எடுத்தால் அது அடியில் சார்ஜர் ஓட்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அந்த முனை வாயைப் பார்க்கட்டும், கவர் அடைக்கிறதா என்று பாருங்கள். ஃபிளைட் மோடில் போடுங்கள், நடுவில் அழைப்பு வந்தால் பதிவே போய்விடும்.

பாட்டுத் தொடங்குமுன் பத்து விநாடி யாரும் பேசாமல் அறையை மட்டும் பதிவு செய்யுங்கள். அப்புறம் லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற ஒலி திருத்தும் மென்பொருளில் (இலவசம்தான்) அந்தப் பத்து விநாடியை மாதிரியாகக் கொடுத்து இரைச்சலைக் குறைக்கலாம். 6 டெசிபல், மிஞ்சினால் 12, அதோடு நிறுத்துங்கள்; அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது மாதிரி ஆகிவிடும். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஹை பாஸ் ஃபில்டரையும் போட்டால் உறுமல் குறையும். எதைச் செய்தாலும் நகலில் செய்யுங்கள், மூலத்தைத் தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள், குரல் செய்தியாகப் போனால் நசுங்கிவிடும்.

பனங்காட்டான், கொழிஞ்சாம்பாறை:

அண்ணா, இருவருக்கும் நன்றி. மூட்டை அறையில் கைதட்டிப் பார்த்தேன், தட்டிய சத்தம் தட்டிய இடத்திலேயே செத்துப்போகிறது, நம்பவே முடியவில்லை. கடையில் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆட்டோ கெயினை அணைத்ததும் அந்த ஷ்ஷ் போய்விட்டது.

இப்போது வேறு சங்கடம். ஊக்குக் குத்தியதும் அம்மா விறைத்துப்போய்விடுகிறார். பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி இரண்டு வரி பாடி, மறந்துபோச்சு என்று நிறுத்திவிடுகிறார். அடுப்படியில் இருக்கும்போது அதே பாட்டு அருவி மாதிரி வருகிறது. அப்புறம் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார், பதிவென்றால் விசேஷம் என்று. அது உரசுவதும் வளையல் சத்தமும் குரலுக்கு மேல் கேட்கிறது.

குமுளி டீச்சர்:

உங்கள் அம்மாவைப் பாடச் சொல்லாதீர்கள் சார், கையில் வேலையைக் கொடுங்கள்.

குமுளியில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். ஏலத்தோட்டத்துக்குப் போகும் அம்மாக்களிடம் பிள்ளைகளோடு சேர்ந்து பாட்டுக் கேட்டுப் பதிவு செய்து வருகிறோம். எங்களுக்கும் முதலில் இதேதான் நடந்தது. இந்தப் பாட்டெல்லாம் கை வேலையோடு பிறந்தது, கை சும்மா இருந்தால் வரி வராது. ஆனால் சத்தமில்லாத வேலையாக இருக்க வேண்டும். முறத்தில் அரிசி புடைத்தால் மைக் முழுக்க அதுதான் கேட்கும். புளிக்குக் கொட்டை எடுத்தாலும் தட்டல் வரும். நாங்கள் கண்டுபிடித்தது முருங்கைக்கீரை உருவுவது. மடியில் ஒரு பழைய துணியை விரித்து அதில் உருவச் சொன்னால் துளிச் சத்தம் வராது, கையும் ஒரு தாளத்தில் ஓடும்.

துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சேலையைக் கட்டச் சொல்லுங்கள். வளையலை வற்புறுத்திக் கழற்ற வேண்டாம், சில அம்மாக்களுக்கு அது மனசுக்கு ஆகாது. ஒரு ரிப்பன் துணியால் சேர்த்துக் கட்டிவிட்டால் போதும். கழுத்துச் சங்கிலி மைக்கில் படாமல் உள்ளே போகட்டும். ஊக்கைப் பதிவுக்கு ஒரு மணி நேரம் முன்பே குத்திவிட்டு, ரெக்கார்டரையும் ஓட விட்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டிருங்கள். அம்மா அதை மறக்கும் வரை ஓடட்டும், வேண்டாததைப் பின்னால் வெட்டிக்கொள்ளலாம். காற்று உள்ளே வரும் இடமானால் சின்ன மைக்குக்கு ஒரு கம்பளிச் சாக்ஸின் நுனியை வெட்டி மாட்டுங்கள். இலைச் சத்தம் வேறு, மைக்கில் நேராக அடிக்கும் காற்று வேறு; இரண்டாவது எந்த மென்பொருளிலும் போகாது, முன்னாலேயே தடுக்க வேண்டியது.

இரண்டாவது போனையும் சும்மா விடாதீர்கள். மூன்றடி தள்ளி ஒரு மூட்டை மேல் மடித்த துண்டில் வையுங்கள். இரண்டிலும் பதிவு தொடங்கியபின் ஒருமுறை கைதட்டுங்கள், பின்னால் அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் ஒரே நேர்க்கோட்டில் பொருத்தலாம். நீண்ட பதிவில் இரண்டு போனின் கடிகாரமும் மெல்ல விலகும், அதனால் பாட்டுக்குப் பாட்டு ஒரு தட்டல். முதல் போனில் சேலை உரசிய இடத்தில் இரண்டாவது காப்பாற்றும்.

ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அம்மாவே தன் பெயர், ஊர், யாரிடம் கற்றது என்று சொல்லட்டும், நீங்கள் தேதியைச் சொல்லுங்கள். அண்ணன் சொன்ன கௌஹர் ஜானும் பாட்டின் முடிவில் தன் பெயரைச் சொல்வார். இசைத்தட்டு அச்சிட்டது ஜெர்மனியில் ஹானோவரில், அங்கே இருப்பவர்களுக்குக் குரல் யாருடையது என்று தெரிய வேண்டுமே. ஐம்பது வருடம் கழித்து உங்கள் பேரப்பிள்ளை கேட்கும்போதும் அதே நிலைமைதான்.

இன்னொன்று. தாலாட்டைத் தூளியை ஆட்டிக்கொண்டே பாடினால் கயிறு கிரீச்சிடும். அந்தக் கிரீச்சை எடுத்துவிடாதீர்கள்.

நகரி தறிக்காரன்:

டீச்சர், இந்த ஒன்றில் மட்டும் எனக்கு வேறு கருத்து. கிரீச்சு நல்லதுதான், ஆனால் அது சரியாக ஒரு சொல்லின் மேல் விழுந்தால் அந்தச் சொல் போய்விடும். அவர்தான் சொல்கிறாரே, சில சொற்களுக்கு ஊரில் பொருள் தெரிந்தவர் இல்லை என்று. கேட்கவும் முடியாமல் போனால் அப்புறம் யாரைக் கேட்பது? ஒருமுறை தூளி இல்லாமல் சுத்தமாக எடுங்கள், இன்னொருமுறை தூளியோடு எடுங்கள். இரண்டும் இருக்கட்டும்.

குமுளி டீச்சர்:

இரண்டு முறை எடுப்பது நல்ல யோசனை, ஒத்துக்கொள்கிறேன். தூளி இல்லாததை முதலில் எடுங்கள், அம்மாவுக்குக் குரல் களைக்கும் முன்னால்.

பனங்காட்டான், கொழிஞ்சாம்பாறை (மூன்று வாரம் கழித்து):

பதினோரு பாட்டு ஆகிவிட்டது.

எங்கள் வீட்டில் பனை ஓலை அடங்குவது விடியற்காலை நாலரைக்கு. அம்மா எப்படியும் நாலு மணிக்கு எழுகிறவர். மூட்டை அறையில் தரையில் ஜமுக்காளம், மடியில் முருங்கைக்கீரை, பழைய பருத்திச் சேலையில் இயர்போன் மைக், மூட்டை மேல் இன்னொரு போன். முதல் இரண்டு நாள் ஊர்க்கதைதான் பேசினோம், அதையும் அழிக்கவில்லை. மூன்றாம் நாள் நான் கேட்காமலேயே பாடத் தொடங்கினார். காலை ஐந்தே முக்காலுக்கு மேல் பறவைகள் தொடங்கிவிடும், அதற்குள் இரண்டு பாட்டுக்கு மேல் போவதில்லை. ஆடாசிட்டியில் 6 டெசிபல்தான் குறைத்தேன், சில பாட்டுக்கு அதுகூடத் தேவைப்படவில்லை. தூளிக்குக் குழந்தை இல்லாததால் ஒரு தலையணையைப் போட்டு ஆட்டினார்.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்லியே ஆக வேண்டும். ஒரு தாலாட்டில் மாமன் வீட்டைப் பற்றி ஒரு வரி வரும், பத்தாயிரம் நெல்லு என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன், என் பிள்ளைகளுக்கும் அப்படியே பாடியிருக்கிறேன். இயர்போனில் கேட்டபோது தெளிவாகப் பத்தாயம் நெறைய நெல்லு என்று கேட்கிறது, பத்தாயம் என்றால் நெல் கொட்டி வைக்கும் பெரிய மரப்பெட்டி. நாலடி தள்ளி வைத்து எடுத்த பழைய பதிவைத் திரும்பக் கேட்டேன், அதில் அந்த இடம் வெறும் முழக்கமாகத்தான் இருக்கிறது. மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், ஒன்று தங்கை வீட்டில்.

கடைசியாக ஒரு கேள்வி. ஒரு நடவுப் பாட்டில் பாதிக்கு மேல் அம்மாவுக்கு வரவில்லை, பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் சித்திக்கு மீதி தெரியும் என்கிறார். அது ஒருவர் எடுத்துக்கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவது. இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து எடுப்பது எப்படி? இயர்போன் ஒன்றுதான் இருக்கிறது. சித்தியின் குரல் பெரியது.

செங்கோட்டை மைக்செட்:

இயர்போனை விட்டுவிடுங்கள் தம்பி, ஒருவர் மேல் குத்தினால் மற்றவர் அமுங்கிப்போவார். இருவரையும் எதிரெதிரே, முழங்கால் தொடுகிற மாதிரி உட்கார வையுங்கள். நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் நாலாக மடித்த துண்டு, அதன் மேல் ஒரு சொம்பு. சொம்புக்குள் துணியைத் திணித்து, போனைத் தலைகீழாக, அடி முனை மேலே வரும்படி நிறுத்துங்கள். மைக் இருவர் நெஞ்சு உயரத்துக்கு வரட்டும். அம்மா ஓரடியில் இருக்கட்டும், சித்தியை இன்னும் ஒரு சாண் பின்னால் நகர்த்துங்கள், ஒரு வரி பாட வைத்து இயர்போனில் கேட்டுப் பார்த்துவிட்டு மறுபடி நகர்த்துங்கள். இரண்டாவது போன் வழக்கம்போல் மூன்றடியில்.

சித்தி வீடு ஓட்டு வீடா, தகர ஷீட்டா என்று கேட்டுவிட்டுப் போங்கள். ஷீட்டென்றால் சித்தியை இங்கே, உங்கள் மூட்டை அறைக்கே அழைத்து வந்துவிடுங்கள். எங்கள் பக்கம் சாரல் தொடங்கிவிட்டது, ஷீட்டின் மேல் அது விழுகிற வீட்டில் நான் இரண்டு மாதத்துக்கு எதையும் பதிவு செய்வதில்லை.